கடைசி வண்டியின் கொடி

டமார் என்று அந்தச் சத்தம் கேட்டபோது நான் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தேன். நெடும்பயணத்தில் வயிற்றைப் புரட்டாத பழம் அது ஒன்றுதான்.

என் மனைவி உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள் இன்ஸ்பெக்டர். ஆகவே மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை. வெட்கப்படவும் ஒன்றும் இல்லை.

கடற்கரை விடுதியில் அறை போட்டிருந்தோம். சூரியன் கடலில் இறங்குவதை ஜன்னலிலிருந்து காட்டுகிறேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். நெடுஞ்சாலை விட்டால்தானே? வழியெல்லாம் தோண்டிப் போட்டிருந்தார்கள். 'வேலை நடக்கிறது' என்று பலகை இருக்கும். வேலை செய்ய ஈ காக்காய் இருக்காது.

ஒற்றைப் பாதையாகச் சுருங்கும் இடங்களில் இரு முனையிலும் ஆள் நிறுத்தியிருந்தார்கள். ஒரு முனையிலிருந்து கொஞ்சம் வண்டிகளை விட்டு, கடைசி வண்டியிடம் ஒரு பச்சைக் கொடியைக் கொடுத்தனுப்புவார்கள். அந்தக் கொடி மறுமுனைக்கு வந்து சேர்ந்தால் பாதை காலி என்று அர்த்தம். அதன் பிறகே அங்கே நிற்பவர்கள் புறப்படலாம்.

ஓரிடத்தில் நான் கடைசி வண்டி. கொடி என் கைக்கு வந்தது. மறுமுனை ஆள் யாரோ ஒரு டிரைவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கவனிக்கவில்லை. நான் பாட்டுக்கு வந்துவிட்டேன்.

"ஏங்க, கொடியைக் கொடுத்துட்டு வாங்க. அவங்கல்லாம் பாவம், நிக்கிறாங்க."

"நிக்கட்டுமே. நாம நிக்கலையா?"

"உங்களுக்கு என்னதான் அவசரம்? நாளைக்கும் சூரியன் விழும்ங்க."

வண்டியை விரட்டினேன். வாக்கின் அருமை அவளுக்குத் தெரியாது.

அடுத்த தடுப்பில் வரிசையில் நான்தான் முதல் ஆள். எதிரிலிருந்து வண்டிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. பிறகு சிறிது இடைவெளி. கொடிக்காரர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளத் தொட்டிப் பக்கம் போனார். வெயில் அப்படி. திரும்பி வந்தவரிடம் என்னிடமிருந்த கொடியை நீட்டினேன்.

"இப்பதான் பைக்ல வந்த ஒருத்தர் கொடுத்துட்டுப் போனார். நீங்க அந்தப் பக்கம் இருந்தீங்க."

"நல்லவேளை சார், வாங்கி வெச்சீங்க," என்று கும்பிட்டார் அவர். அவரைத்தான் நீங்கள் உள்ளே வைத்திருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள். அப்பாவி.

தடுப்பு திறந்தது. பின்னால் நின்ற ஜல்லி லாரிக்குக் கைகாட்டி, "நீங்க போங்கண்ணே," என்றேன். லாரி டிரைவர் கையசைத்துச் சிரித்துவிட்டுப் போனார். தூசி அடங்கட்டும் என்று ஓரமாக நின்றேன். பழத்தை எடுத்தேன்.

வளைவுக்கு அப்பால் எதிரே வந்த ஜீப்பில் ஒரு குடும்பம் இருந்ததாம். லாரி இடித்த வேகத்தில் ஜீப் பாலத்துக்குத் தோண்டிய குழிக்குள் விழுந்துவிட்டது. குழிக்குள் நட்டிருந்த இரும்புக் கம்பிகளை மூடி வைக்காதது யார் குற்றம்? சாலையை வருடக்கணக்கில் இழுத்தடித்தவர்களை இந்த நாற்காலியில் உட்கார வைத்தீர்களா? மக்கள் பொறுமைக்கும் ஓர் அளவு உண்டு. நான் செய்தது எல்லாரும் செய்ய நினைப்பது. ஒரு பெண்ணுக்குக் கொடுத்த வாக்குக்காகச் செய்தேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்கிறீர்கள்.

"அவ்வளவு அவசரம்னா, முதல்ல நின்ன நீங்க ஏன் லாரியை முன்னால விட்டீங்க?"

நியாயமான கேள்விதான்.

"எதிர்ல வண்டி வரும்னு தெரியும் சார். என் கார் புதுசு."