எள்ளளவு உயிருக்கு ஒரு பெயர்

எங்கள் வேலைக்கு முதலில் வேண்டியது நல்ல நாற்காலி. நல்ல கண் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கண்ணெல்லாம் பிறகு. காலையில் நுண்ணோக்கியின் முன் குனிந்தால் மதியம்வரை நிமிர முடியாது. இடுப்பு ஒத்துழைக்காவிட்டால் எவ்வளவு கூரிய கண் இருந்தும் பிரயோசனமில்லை. நீங்கள் எனக்குப் போட்டிருக்கும் இந்த நாற்காலி பரவாயில்லை. நிதானமாகச் சொல்ல முடியும்.

நானும் என் தங்கையும் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கிறோம். பார்த்தோம் என்று சொல்ல வேண்டும். ஆழ்கடலின் அடியிலிருந்து கப்பல் அள்ளிவரும் சேற்றைச் சலித்து, அதில் கிடக்கும் உயிர்களைப் பிரித்து, எது என்ன என்று சொல்வதுதான் வேலை. பெரும்பாலும் இறால், நண்டு இவற்றின் தூரத்து உறவுகள். எள்ளளவு இருக்கும். இதுவரை யாரும் பார்க்காத ஒன்று அகப்பட்டால், அதன் கால் ஒவ்வொன்றையும் கழற்றி வரைந்து, விவரித்து, பெயர் வைத்து அச்சிட வேண்டும். அன்று முதல் அந்த உயிரின் பெயரை எங்கே எழுதினாலும், அதன் பின்னால் விவரித்தவரின் பெயரும் ஒட்டிக்கொண்டே வரும். உலகம் உள்ளவரை. நாங்கள் வாங்கும் சம்பளத்துக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

எனக்கு அந்த ஆறுதல் கிடைக்கவில்லை. தலை நரைக்கும்வரை சேற்றைப் பார்த்துவிட்டேன். புதிது என்று நான் எடுத்துவைத்ததெல்லாம் யாரோ எப்போதோ பெயர் வைத்ததாக இருந்தது. ஒருமுறை உண்மையிலேயே புதிதாக ஒன்று கிடைத்தது. நான் இன்னும் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தபோது வேறொருவர் முந்திக்கொண்டார். மற்றவர்கள் எழுதுவதைத் திருத்திக் கொடுப்பதில் மட்டும் என்னை மிஞ்ச ஆளில்லை. கட்டுரைகளின் கடைசியில், நன்றி சொல்லும் பத்தியில், என் பெயர் தேய்ந்துபோகும் அளவுக்கு வந்திருக்கிறது.

தங்கையை வீட்டில் பாப்பா என்போம். நாற்பதைத் தாண்டியும் பாப்பாதான். அவள் பிள்ளைகள் வளர்ந்து வீட்டில் சும்மா இருந்தபோது, இயக்குநரிடம் சொல்லி நான்தான் வேலையில் சேர்த்துவிட்டேன். கத்தி பிடிக்கவும் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்ச நாளிலேயே ஆய்வகம் முழுக்க அவளைப் பாப்பா என்று கூப்பிட ஆரம்பித்தது. வெளியாட்கள் வந்தால் இயக்குநர் என்னைக் காட்டி, "இவங்க நம்ம பாப்பாவோட அக்கா" என்பார். சின்ன வயதிலிருந்து எனக்கு அதுதான் பெயர். பள்ளிக்கூடத்தில் அப்படி, தெருவில் அப்படி, என் கல்யாணத்திலேயே இரண்டு பேர் அப்படித்தான் கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

எனக்குப் பொறாமை உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. அதை மறைக்க நான் இங்கே வரவில்லை.

சலித்த சேறு தட்டுத்தட்டாகப் பிரித்து எங்கள் மேசைக்கு வரும். அன்று என் தட்டில் களிமண் அதிகம். பிரிப்பதற்குள் நமக்கு உயிர் போய்விடும். பாப்பாவின் தட்டு சுத்தமாக இருந்தது. "இத நீ பாத்துக்கோ பாப்பா, எனக்கு முதுகு புடிச்சிருக்கு" என்று மாற்றிக்கொண்டேன்.

"குடுக்கா, நான் பாக்குறேன்" என்று வாங்கிக்கொண்டாள். முகம்கூடச் சுளிக்கவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் கூப்பிட்டாள். "அக்கா, இங்க வந்து பாரேன். கடைசிக் காலுல சீப்பு மாதிரி என்னவோ இருக்கு."

குனிந்து பார்த்தேன். கண்ணே இல்லாத வெள்ளை உடம்பு. கடைசிக் காலில் சீப்புப் பல் போல வரிசையாக முட்கள். இப்படி ஒன்றை யாரும் எழுதியதில்லை என்று எனக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. நான் படிக்காத கட்டுரை இல்லை. "புதுசுதான் பாப்பா" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது. யார் தட்டில் கிடைக்கிறதோ அவரே விவரிக்க வேண்டும் என்பது எங்கள் ஆய்வக வழக்கம். அது என் தட்டு. நானே தூக்கிக் கொடுத்த தட்டு.

அப்போதுகூட நான் ஒன்றும் நினைக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அவள் வரைந்த படங்களைத் திருத்திக் கொடுத்தேன். அவளுடைய கோடு என் கோட்டைவிட நன்றாக இருந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன். ஒருநாள் தேநீர் குடிக்கும்போது சொன்னாள்.

"பேரு முடிவு பண்ணிட்டேன்க்கா. உன் பேரத்தான் வைக்கப்போறேன்."

விவரிப்பவர் தன் பெயரைத் தானே வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் அசிங்கம். யாரும் செய்வதில்லை. மரியாதைக்கு உரிய வேறு யாருக்காவது வைப்பார்கள்.

"எதுக்குடி எனக்கு?"

"வேற யாருக்கு? நீதானே என்னை இங்க கூட்டிட்டு வந்த. உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமே."

உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டுமே. சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. நல்ல மனசு, அதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்த நல்ல மனசைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாசலில் நிற்பவருக்கு மீந்ததைப் போடுவதுபோல இருந்தது. "ரொம்ப சந்தோஷம் பாப்பா" என்று சொல்லிவிட்டு இரண்டு கோப்பைகளையும் நானே கழுவி வைத்தேன்.

மேசையில் வைத்திருக்கிறீர்களே, அந்தக் குப்பியைப் பற்றிச் சொல்கிறேன். பாப்பாவுக்குக் கண் சீக்கிரம் காய்ந்துவிடும். நுண்ணோக்கியின் பக்கத்திலேயே சொட்டு மருந்து வைத்திருப்பாள். காலியான குப்பிகளை வீசமாட்டாள். விலங்கின் மேலோட்டை இளக வைக்க நாங்கள் ஓர் அமிலம் வைத்திருக்கிறோம், அதை ஊற்றிக்கொள்வாள். கடையில் வாங்கும் சொட்டுக்குழாய் பொத்தென்று கொட்டும். கண் மருந்துக் குப்பியோ எள்ளளவு உடம்புக்குத் தகுந்த மாதிரி ஒரே ஒரு துளி விடும். ஆபத்தான பழக்கம்தான், ஆனால் ஆய்வகத்தில் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டோம். மருந்தின் பெயர்ச் சீட்டைக் கிழிக்கச் சோம்பல்பட்டு, அடையாளத்துக்குக் குப்பியின் கழுத்தில் சிவப்பு நூல் கட்டுவாள். அதுவும் அவள் யோசனைதான்.

நான் செய்தது அந்த நூலை எடுத்தது. அவ்வளவுதான்.

சரியாகச் சொல்ல வேண்டுமென்றால், முடிச்சின்மேல் பசை வைத்திருந்தாள், அவிழ்க்க வரவில்லை. வெட்டினேன். ஒட்டியிருந்த பசையைக் கத்தி முனையால் சுரண்டி எடுத்தேன். எதையும் அரைகுறையாகச் செய்வது எனக்குப் பிடிக்காது. பிறகு குப்பியை மருந்து இருக்கும் இடத்தில் வைத்தேன். மருந்தை என் கைப்பையில் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். அவள் மருந்து விடும்போது குப்பியைப் பார்க்கமாட்டாள். கை தானாகப் போகும், தலையைச் சாய்த்து இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்து விட்டுவிட்டுத்தான் மூச்சுவிடுவாள். அது எனக்குத் தெரியும். அன்றும் அப்படித்தான் விட்டாள்.

குழாயடிக்குக் கூட்டிப்போவதற்குக் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. இப்போது அவளுக்கு வெளிச்சம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் தெரிகிறதாம்.

விபத்து என்று எல்லோரும் சொன்னார்கள். இயக்குநர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "பாப்பா ஆரம்பிச்சத நீங்கதாம்மா முடிக்கணும். உங்கள விட்டா யாரு இருக்கா" என்றார். முடித்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலையைச் செய்ததில்லை. பெயர் வைக்கும் இடம் வந்தபோது, பாப்பாவின் பெயருக்கு ஒரு லத்தீன் வால் ஒட்டி எழுதினேன். இயக்குநர் படித்துவிட்டு அழுதார். இப்படி ஓர் அக்கா யாருக்குக் கிடைப்பாள் என்று அவர் கேட்டதை ஆய்வகத்தில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

அச்சாகி வந்தவுடன் அவள் வீட்டுக்குப் போய் நானே படித்துக் காட்டினேன். ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். உடலின் நீளம், நிறம் என்று வரிசையாகப் படித்தேன். "கண்கள்: இல்லை" என்ற வரி வந்தது. நிறுத்தாமல் போயிருக்க வேண்டும். ஒரு நொடி நிறுத்திவிட்டேன்.

"நூல் எங்கக்கா?" என்றாள்.

அவள் மடியில் இந்தக் குப்பி இருந்தது. அவள் வீட்டுக்காரர் ஆய்வகத்திலிருந்து வாங்கி வந்திருக்கிறார். கழுத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அவுந்து விழுந்திருக்கும் பாப்பா."

"பசை வச்சு ஒட்டினது. விழுந்தாலும் சொரசொரன்னு இருக்கும். இது வழவழன்னு இருக்கு. இவ்ளோ சுத்தமா யாருக்கா சுரண்டுவா?"

அவள் அடுத்ததைக் கேட்டாள். "ஏன்க்கா அன்னிக்குக் கண்ணைத் தொறக்காதன்னு சொன்ன?"

அமிலம் பட்டால் உடனே கண்ணைத் திறந்துவைத்துத் தண்ணீர் விட வேண்டும். எங்கள் குழாய்க்கு மேலே அந்த அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. எழுதி ஒட்டியது நான். அன்று அவள் கத்தவில்லை, "அக்கா, எரியுது" என்று மட்டும்தான் சொன்னாள். குழாய் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. நான் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "தொறக்காத பாப்பா, இறுக்கி மூடிக்கோ, அக்கா இருக்கேன்" என்றேன். அவளும் பதற்றத்தில் இறுக்கி மூடிக்கொண்டாள். பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் ஓடிவரும்வரை மூடிக்கொண்டே இருந்தாள். சின்ன வயதிலிருந்து நான் சொன்னால் கேட்பாள்.

"என் பேர அதுலேருந்து எடுத்துடு" என்றாள் கடைசியாக.

"முடியாது பாப்பா. அச்சாயிடுச்சு. ஒரு தடவ வச்சா வச்சதுதான், வச்சவங்களே நெனச்சாலும் எடுக்க முடியாது."

நூலைப் பற்றி உங்களிடம் சொல்லியிருக்கிறாள். பெயரைப் பற்றிச் சொன்னாளா? சொல்லியிருக்கமாட்டாள். நீங்களே யோசித்துப் பாருங்கள். அவள் விவரித்திருந்தால் அவள் பெயர் அதற்கு ஒருக்காலும் வந்திருக்காது. அவளால் முடியாமல் போனதால்தான் வந்தது. அவள் எனக்குக் கொடுக்க நினைத்ததைத்தான் நான் அவளுக்குக் கொடுத்தேன். அதற்கு ஒரு வார்த்தை நன்றி இல்லை.

நேற்று இயக்குநர் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி ஆய்வக வாசலில் ஒட்டியிருந்தார். ஆள் இல்லாதபோது போய் நின்று பார்த்தேன். சாய்ந்த எழுத்தில் அவள் பெயர், அதன் பின்னால் நிமிர்ந்த எழுத்தில் என் பெயர். எனக்குத் தெரியாத வழக்கமா? ஆனாலும் அங்கே நின்றபோதுதான் உறைத்தது. அவள் விவரித்திருந்தால் என் பெயர் முன்னால் வந்திருக்கும், அவள் பின்னால் வந்திருப்பாள். இந்த விஷயத்தில் எனக்கு வருத்தம் என்று ஏதாவது இருந்தால் அது ஒன்றுதான்.