மூக்கனுக்கு எழுதிய துண்டு

மாடு தண்ணீர் குடிக்கவில்லை என்றால் முதலில் தொட்டியைக் கழுவிப் பார்க்க வேண்டும். பாதி மாடுகளுக்கு நோய்வருத்தமே அதுதான். பன்னிரண்டு வருடமாக இந்தப் பக்கம் வயல் செய்யும் கமக்காரருக்கு நான் இதைத்தான் சொல்லி வருகிறேன். விசாரிக்க வந்திருக்கும் நீங்கள் மாடு வளர்த்தவராகத் தெரியவில்லை. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

நான் மிருக வைத்தியர் இல்லை. வைத்தியர் கிழமைக்கு ஒருநாள் வருவார். மற்ற நாட்களில் அரசாங்க மிருக வைத்தியக் கந்தோரைப் பார்க்கும் உதவியாளன் நான். ஆனாலும் முரசுமோட்டைப் பக்கத்துச் சனம் என்னையும் டொக்டர் என்றுதான் கூப்பிட்டது. எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மூக்கன் மலைநாட்டிலிருந்து வந்து வாய்க்கால் கரையில் கொட்டில் போடும் வரைக்கும் கூப்பிட்டது.

மூக்கன் கூலிவேலை செய்கிறவன். மாட்டு வைத்தியம் தெரியும். வேர் அரைத்து மூங்கில் குழாயால் பருக்குவான். பழுக்கக் காய்ச்சிய கம்பியால் குறி சுடுவான். தொண்டையில் சிக்கியதைக் கைவிட்டு எடுப்பான். ஓராண்டுக்குள் என் கந்தோர் முற்றத்தில் புல் முளைத்துவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காணி எடுத்த குடும்பங்கள் அவனுக்குச் சிரட்டையில் தேத்தண்ணி கொடுத்தார்கள், மாட்டை மட்டும் நம்பி ஒப்படைத்தார்கள். எனக்கு எரிச்சலாக இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

எண்பத்திரண்டில் அவன் குறி சுட்ட கன்று ஒன்று புண் அழுகிச் செத்தது. நான் மேலிடத்துக்கு எழுதினேன். மாட்டை முதலில் கந்தோரில் காட்டி அனுமதித் துண்டு வாங்கினால்தான் நாட்டு வைத்தியத்துக்குக் கொண்டுபோகலாம், துண்டில்லாமல் மாட்டைத் தொடுகிறவன் மேல் வழக்கு என்று உத்தரவு வந்தது. நல்ல உத்தரவு. இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

மூக்கன் அதை ஒருநாளும் மீறவில்லை. பிரசாவுரிமை இல்லாதவன், கடதாசிக்குப் பயந்தவன். நான் எழுதிய துண்டுகளை ஒன்றுவிடாமல் ஒரு பிஸ்கட் தகரத்தில் சேர்த்து வைத்திருந்தான். அவன் பெயர் எழுதிய அரசாங்கக் கடதாசி அவனிடம் வேறு இருக்கவில்லை.

மாட்டிக்கொண்டது நான்தான். காலையில் என் யன்னலுக்கு வெளியே சனம் நிற்கும். ஒருவரும் மருந்து கேட்பதில்லை, துண்டுதான் கேட்பார்கள். மறுத்தால் காரணம் பதிய வேண்டும். அந்த விதியையும் நானேதான் எழுதிக் கேட்டிருந்தேன். நாலு வருடம் மூக்கனுக்கு எழுதுவினைஞராக இருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தாறு ஆவணியில் விமலேஸ்வரி என்கிற கமக்காரப் பெண் பால் வற்றிய பசு ஒன்றைக் கொண்டுவந்தார். வாயிலிருந்து வீணீர் வடிந்தது. கத்தல் கம்மியிருந்தது.

"தொண்டையில பனங்கொட்டை சிக்கிப்போட்டுது போல. நீங்கள் துண்டை மட்டும் தாங்கோ, மூக்கன் எடுத்துவிடுவான்."

ஒரு மாதத்துக்கு முன் தெருநாய் ஒன்று பட்டிக்குள் பாய்ந்து மாட்டைக் கடித்ததையும் போகிற போக்கில் சொன்னார்.

பயிற்சியின் முதல் வருடத்திலேயே ஒன்று சொல்லித் தருவார்கள். தொண்டையில் ஏதோ அடைத்ததுபோல நிற்கிற மாட்டின் வாய்க்குள் கையை விடாதே. வெறி பிடித்த விசர்நாய் கடித்த மாடு அப்படித்தான் நிற்கும்.

'தொண்டை அடைப்பு. கைவைத்தியத்துக்கு அனுப்பலாம்' என்று எழுதிக் கொடுத்தேன். கயிற்றை நீளமாகப் பிடியுங்கோ, வாய்ப்பக்கம் போகாதேங்கோ என்று விமலேஸ்வரிக்குச் சொல்லித்தான் அனுப்பினேன்.

மூக்கன் முழங்கை வரை கையை விட்டுத் தேடியிருக்கிறான். வேலி அடைக்கிற காலம், அவன் கை முழுக்க முள்ளுக் கீறல். பசு மூன்றாம் நாள் செத்தது. நானே பக்கத்தில் நின்று ஆழமாகப் புதைப்பித்தேன்.

துண்டு எழுதிய அன்று மாட்டின் கயிற்றைப் பிடித்தபோது என் விரலிலும் வீணீர் பட்டிருந்தது. அதனால் அடுத்த நாள் தொடங்கிப் பதினாலு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்டேன். அந்த ஊசிகளைப் பதிந்த ஆஸ்பத்திரி அட்டையைத்தான் நேற்று என் முன்னால் வைத்து, இது எதற்கு என்று கேட்டீர்கள்.

ஆஸ்பத்திரிக்கு நான் பஸ் ஏறும் தரிப்பு மூக்கனின் கொட்டிலுக்கு எதிரே. தினமும் அவன் எழுந்து நின்று கும்பிட்டான். நீயும் வா என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்பதற்கும் பதில் வேண்டும். அடுத்த நாள் அந்தப் பதில் இன்னும் பெரிதாகிவிடும். அந்தத் தரிப்பில் நிற்பது எனக்கு லேசாக இருக்கவில்லை, நீங்கள் நம்ப வேண்டும். ஐந்தாம் நாள், எங்கே தினமும் போகிறீர்கள் என்று கேட்டான். வயிற்றுவலி என்றேன். மறுநாள் மாதுளந்தோலை இடித்துப் பொட்டலம் கட்டி வைத்திருந்தான்.

"வெறும் வயித்துல சாப்பிடுங்கய்யா. இதுக்கும் துண்டு வேணுமான்னுதான் தெரியல."

சிரித்தான். நானும் சிரித்தேன். பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஊசிக்குப் போனேன்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை அவன் மனைவி ராக்காயி நனைந்தபடி கந்தோருக்கு வந்தாள்.

"ஐயா, அவரு தண்ணி குடிக்க மாட்டேங்கிறாரு. செம்பக் கண்டாலே ஒடம்பு தூக்கிப் போடுது. ஆஸ்பத்திரியில சேக்க ஒரு துண்டு எழுதிக் குடுங்கய்யா."

ஆஸ்பத்திரிக்குத் துண்டு தேவையில்லை. அவளுக்கு அது தெரியாது. நான் பேனையை எடுத்தேன். உண்மையை எழுதினால் முதல் துண்டு பொய்யாகிவிடும். பேனையை மூடி வைத்தேன்.

"செம்பைக் கழுவிப் பார்" என்றேன்.

மூன்று தரம் சாம்பல் போட்டுக் கழுவினாளாம். மூக்கன் அடுத்த நாள் மத்தியானம் செத்தான். அந்தப் பிஸ்கட் தகரத்தோடுதான் அவள் உங்களிடம் வந்தாள். கடைசித் துண்டில் இருப்பது என் கையெழுத்துத்தான்.

அந்தத் துண்டைத் தெரிந்தே எழுதினேன். அவன் கையை விடுவான் என்பதும் தெரியும். கொன்றேன் என்று நீங்கள் எழுதினாலும் ஒப்பமிடுகிறேன். ஆனால் ராக்காயியைத் திருப்பி அனுப்பியதைக் குற்றமாகச் சேர்க்க வேண்டாம். மனிதருக்குத் துண்டு எழுத எனக்கு அதிகாரம் இல்லை. நான் ஒழுங்கை மீறுகிறவன் இல்லை.