தெரிந்தே செய்த ஓர் எழுத்துப்பிழை

மாலைக் கல்லூரியின் மாண்பைத் தம் தோளில் சுமந்து, இந்த மன்றத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் முதல்வர் அவர்களே! முன்வரிசையை முழுமதியாய் நிறைத்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே! பகலெல்லாம் பட்டறையிலும் பணிமனையிலும் பாடுபட்டு, மாலையில் பாடம் படிக்க வந்திருக்கும் என் வகுப்புத் தோழர்களே, தோழியரே! மடியில் பிள்ளையும் மனத்தில் பாடமுமாய் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! என்னைவிட மூத்தவர்கள் யாராவது இருந்தால், இருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் மரபை விடலாகாது, பெரியோர்களே! உங்கள் ஒவ்வொருவருக்கும் தலைதாழ்ந்த வணக்கம்.

என்னை அறிமுகம் செய்தவர் 'எழுபது வயது மாணவி' என்றார். எழுபத்தொன்று. அச்சில் ஏறுவதற்குள் திருத்திவிடுவது நல்லது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். முப்பத்தோராண்டுகள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள் நான். பேராசிரியர்களின் நூல்கள் என் மேசையைத் தாண்டித்தான் உலகத்தைப் பார்த்தன. ஒற்று விட்டுப்போனால் உறக்கம் போகும். காற்புள்ளி இடம் மாறினால் கால் தரையில் நிற்காது. பதினெட்டு வயதில் தந்தையை இழந்து, கல்லூரி வாசலைத் தொட்டுவிட்டுத் திரும்பிய பெண், பிறர் எழுதிய பாடங்களைத் திருத்தித் திருத்தியே முதியவள் ஆனாள். அந்தப் பாடங்கள் நடக்கும் அறையில் ஒருநாளாவது அமர வேண்டும் என்பதே என் கனவு. கண்ணை மூடினால் கரும்பலகை, கண்ணைத் திறந்தால் காகிதக் கட்டு.

இந்தக் கல்லூரியின் வாசல் எவ்வளவு அகலம் என்பது உங்களுக்குத் தெரியும். வயது கேட்காது. வருமானம் கேட்காது. ஒரே ஒரு கட்டுரை கேட்கும். மூன்று முறை எழுதலாம். மூன்றிலும் தவறினால் வாசல் மூடிவிடும்.

முதல் முறை 'நூலகத்தின் பயன்கள்' என்று தலைப்புக் கொடுத்தார்கள். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் முத்து முத்தாக எழுதினேன். தோற்றேன். இரண்டாம் முறை 'மரங்களைக் காப்போம்'. காத்தேன். மரங்கள் பிழைத்தன, நான் தோற்றேன். தாளைத் திருப்பித் தந்தபோது அடியில் ஒரு குறிப்பு: 'பிழை ஒன்றும் இல்லை. ஆளும் இல்லை.'

அவையோரே, ஒரு மனுஷியின் கட்டுரையில் ஆள் இல்லை என்றால் அதை எழுதியது யார்? ஆவியா?

என் மகள் சொன்னாள்: "அம்மா, விட்டுடுங்களேன். இந்த வயசுல பட்டம் வாங்கி எங்க மாட்டப் போறீங்க?"

"செவுத்துலதான். உங்கப்பா படத்துக்குப் பக்கத்துல நிறைய இடம் இருக்கு."

அப்படி வீறாப்பாகச் சொல்லிவிட்டு, ஒரு பிற்பகலில் கடைத்தெருவில் நடந்துகொண்டிருந்தேன். தையற்கடை ஒன்றின் மாடியில் ஒரு பலகை. 'கட்டுறைப் பயிற்சி' என்று வல்லின றகரம் போட்டு எழுதியிருந்தது. கட்டுரை கற்பிக்கும் இடத்தில் கட்டுரையே பிழை! பொறுப்பேனா? பதினேழு படிகளையும் கோபத்தில் ஏறினேன்.

மேலே ஓர் இளம்பெண், வயது இருபத்தாறு இருக்கும், பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இதோ, மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு அமர்ந்திருக்கிறாரே, இவர்தான். டீச்சர், தலையை நிமிர்த்துங்கள்.

"போர்டுல தப்பு இருக்கு," என்றேன்.

"தெரியும்மா. பெயிண்டர் செஞ்ச வேலை. பாத்துட்டு இதுவரைக்கும் நாலு பேர் மேல ஏறி வந்துட்டாங்க. மூணு பேர் சேர்ந்துட்டாங்க. அதனால மாத்தவே இல்ல."

கைதட்டாதீர்கள். அந்தப் பலகையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஆனாலும் நான்காவதாகச் சேர்ந்தேன்.

அந்த அறையை எப்படிச் சொல்வேன்? கீழே ஆறு தையல் இயந்திரங்கள் ஓடும். அவற்றின் ரீங்காரம் தரைவழியே ஏறி, நாற்காலியில் நுழைந்து, கைக்குள் வந்து, பேனா முனையில் நடுங்கும். சன்னல் வழியே சாய்ந்த வெயில் மேசைமேல் மிதக்கும். விசிறி சுழலச் சுழலத் தாள்கள் மூச்சு விடும். அங்கே அமர்ந்திருந்தால் அறை நகர்வதுபோல் இருக்கும். எழுத்துகள் கரையில் நிற்க, நான் மட்டும் படகில் போவதுபோல் இருக்கும். கனவா, நனவா? இரண்டுக்கும் நடுவே ஒரு மேசை போட்டு, இருவர் அமர்ந்திருந்தோம்.

"ஒரு சாவியப் பத்தி எழுதுங்கம்மா," என்றார் முதல் நாள்.

எழுதினேன்: 'சாவி என்பது பூட்டைத் திறக்க நமக்குப் பயன்படும் ஒரு கருவியாகும்.'

"இது எந்தச் சாவி?"

"எல்லாச் சாவியும்தான்."

"எல்லாச் சாவியும் சேர்ந்து ஒரு பூட்டையும் திறக்காதும்மா. உங்க பீரோ சாவிய எழுதுங்க."

அடுத்த நாள் இன்னொரு கேள்வி. "ஒவ்வொரு வரியிலயும் 'நாம்', 'நாம்'னு வருதே, யாரும்மா இந்த நாம்?"

அதற்கும் விடை என்னிடம் இருந்தது. கான்வென்ட்டில் எங்கள் சிஸ்டர் கட்டுரையில் 'நான்' என்று எழுத விடமாட்டார். அது அகந்தையாம். 'நான்' வந்த வரியை அளவுகோல் வைத்து நேராக அடித்துவிடுவார். அறுபது ஆண்டுகளாக நான் 'நான்' எழுதியதில்லை. கடிதத்தில்கூட 'இங்கு யாவரும் நலம்' என்றுதான் எழுதுவேன்.

பிறகு 'காலை' என்று ஒரு தலைப்புத் தந்தார். மிகுந்த பாடுபட்டு இப்படி எழுதினேன்: 'நாங்கள் காலையில் செய்தித்தாள் படிப்போம். அவர் உரக்கப் படிப்பார். உச்சரிப்பில் பிழை வரும். அது திருத்தப்படும்.'

விளக்கிவிடுகிறேன். 'அவர்' என்பது என் கணவர். பேருந்துப் பணிமனையில் எஞ்சின் பழுது பார்த்தவர். காலையில் நான் ஓர் அறையில் அச்சுத்தாளைத் திருத்திக்கொண்டிருப்பேன். அவர் அடுத்த அறையில் நாளிதழைச் சத்தமாகப் படிப்பார். "இன்னிக்குப் பலத்த மளையாம்!"

"மழை! நாக்க மடிச்சுச் சொல்லுங்க!"

"அதத்தானே சொன்னேன். மளை."

நாற்பத்து மூன்று ஆண்டுகள் இந்தப் பூசை நடந்தது. அவருக்கு ழகரம் வசப்படவே இல்லை.

டீச்சர் அந்தக் கடைசிச் சொல்லில் பென்சிலை வைத்தார். "'திருத்தப்படும்'னு இருக்கே, யாரால?"

"என்னாலதான். வேற யாரு?"

"அப்போ 'நான் திருத்துவேன்'னு எழுதுங்க."

"எழுத மாட்டேன். பழக்கமில்ல."

"'நாம்'னு எழுதினா ஊரே உள்ள வந்துடுது. 'நாங்கள்'னு எழுதினா அவருக்குப் பின்னாடி மறைஞ்சுக்கறீங்க. நீங்க எங்கம்மா நிக்கறீங்க?" குரல் தாழ்ந்தது. "'படிப்போம்'னு இருக்கும்மா. இப்பவுமா?"

கீழே இயந்திரங்கள் அந்த நொடியில் நின்றன. உணவு இடைவேளை. விசிறி மட்டும் சுற்றியது. அவர் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நான் இலக்கணத்தில் இடறியதே இல்லை. காலத்தில் இடறிவிட்டேன்.

பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "உங்களுக்கு மரியாதை தெரியல," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன். டீச்சர், அந்தச் சொல்லுக்கு இத்தனை பேர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஒரு வாரம் போகவில்லை. தேர்வுக்கு இருந்ததோ பன்னிரண்டே நாள்.

மகள் வந்தாள். நடந்ததைச் சொல்லி, என் பக்கம் நியாயம் கேட்டேன். "உங்கப்பாவுக்கு ழ வராம நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அத எழுதினா, இப்படியா கேக்கறது?"

மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அப்பாவுக்கு ழ வராதுன்னு யாரும்மா சொன்னது?"

"நாப்பத்து மூணு வருஷம் கேட்டவ சொல்றேன்."

"எனக்கு ழ சொல்லிக் குடுத்ததே அப்பாதான்மா. 'உங்கம்மாகிட்டச் சொல்லிடாதே. தப்பாப் படிச்சாத்தான் அவ அந்தக் காகிதத்த விட்டுத் தலையத் தூக்குறா'ன்னு சொல்லுவாரு."

அவையோரே, முப்பத்தோராண்டு பிழை திருத்தியவள் நான். எவர் எழுதியது எழுத்துப்பிழை, எவர் எழுதியது கருத்துப்பிழை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். என் வீட்டிலே, என் அடுத்த அறையிலே, காலைதோறும் என்னை அழைத்துக்கொண்டிருந்த ஒரு குரலைப் பிழை என்று அடித்து அடித்துத் திருத்தினேனே, அந்தப் பிழையை யார் திருத்துவது?

அன்று பிற்பகல் நாற்காலியிலேயே கண்ணயர்ந்தேன். எங்கோ வெகுதொலைவில் ஒருவர் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். எழுத்தெல்லாம் ஈரமாக இருந்தது. கூப்பிட வாயெடுத்தேன், என் வாயில் ஒரு சொல்லும் இல்லை. விழித்தேன். முகம் கழுவினேன். பதினேழு படிகளையும் கோபமில்லாமல் ஏறினேன்.

டீச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "வாங்கம்மா," என்றார்.

தேர்வு நாள் வந்தது. மூன்றாம் முறை, முடிவான முறை. தலைப்பு: 'வீடு'. சுற்றிலும் பேனாக்கள் பறந்தன. 'வீடு என்பது நாம் வசிக்கும் இடமாகும்' என்று என் கையும் கிளம்பிவிட்டது. அடித்தேன், அளவுகோல் இல்லாமலே. பிறகு எழுதினேன்:

'என் வீட்டில் இரண்டு அறைகள். நான் காலையில் ஓர் அறையில் அமர்ந்து நாளிதழை உரக்கப் படிக்கிறேன். "இன்று பலத்த மளை" என்று படிக்கிறேன். பிறகு சற்று நேரம் காத்திருக்கிறேன்.'

அங்கிருந்து நான்கு பக்கம் ஓடியது. முடிவுரை இல்லை. 'இதிலிருந்து நாம் அறிவது யாதெனில்' இல்லை. தாளைக் கொடுக்குமுன் ஒரு முறை படித்தேன். 'மளை'. வாழ்நாளில் நான் எழுதிய ஒரே எழுத்துப்பிழை. கல்லூரிக் கனவே தொங்கிக்கொண்டிருக்கும் தாளில், மதிப்பெண் போகும் என்று தெரிந்தே செய்த பிழை. திருத்தக் கை பரபரத்தது. திருத்தவில்லை. கொடுத்துவிட்டு வந்தேன்.

என்ன? எத்தனை மதிப்பெண்ணா? பொறுங்கள், பின்வரிசையாரே, வருகிறேன்.

ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. எனக்கு அறுபத்தொன்றரை.

இப்போது தட்டுங்கள்.

தாளை வாங்க அலுவலகத்துக்குப் போனேன். எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு, நல்ல மனத்தோடு சொன்னார்: "அம்மா, இங்க ஒரு அரை மார்க் அநியாயமாப் போயிருக்கு. அது பேச்சுதானே, மேற்கோள் குறிக்குள்ள இருக்கு. ஒரு மனு எழுதிக் குடுங்க, போட்டுடுவாங்க."

எட்டிப் பார்த்தேன். 'மளை'யைச் சிவப்பு மையால் வட்டமிட்டு, மேலே தெளிவாக, அழுத்தமாக, அழகாக எழுதியிருந்தது: 'மழை'.

அரை மதிப்பெண்ணுக்காக நூலாசிரியர்களோடு மல்லுக்கு நிற்கக்கூடியவள் நான். அந்த மேசைமுன் நின்று, அந்த ஒரு சொல்லைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மகள் சொன்ன நாள்முதல் காலைதோறும் வெற்றறையில் பிழையாகப் படித்துவிட்டுக் காத்திருந்தேனே, இதோ, யாரோ திருத்திவிட்டார்கள்! முகம் தெரியாத ஒருவர் எங்கோ ஓர் அறையில் என் குரலைக் கேட்டு, காகிதத்திலிருந்து தலையைத் தூக்கியிருக்கிறார்!

"மனு வேண்டாம்," என்றேன்.

"ஏம்மா?"

"திருத்தினவங்க சரியாத்தான் திருத்தியிருக்காங்க."

புதிதாகச் சேர்ந்திருக்கும் என் தோழர்களே! உங்கள் தாள்களிலும் சிவப்பு மை விழும். விழட்டும்! வெட்கப்படாதீர்கள், வெகுளாதீர்கள், வீட்டுக்கு ஓடிவிடாதீர்கள். நான் ஓடிப்போய் ஒரு வாரத்தைத் தொலைத்தவள். அந்த வட்டத்துக்கு அப்பால் உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு காது இருக்கிறது. அதற்குக் கேட்கும்படி எழுதுங்கள். 'நாம்' என்று ஊரை அழைக்குமுன், ஒரே ஒரு வரி, 'நான்' என்று எழுதிப் பாருங்கள். கை அளவுகோலைத் தேடும். தேடட்டும்!

என்னைப் பேச அழைத்த முதல்வருக்கு நன்றி. மரியாதை தெரியாதவர் என்று நான் சொல்லியும் நாற்காலியை இழுத்துப் போட்ட என் ஆசிரியைக்கு நன்றி. பெயர் தெரியாத அந்தச் சிவப்புப் பேனாவுக்கு நன்றி. இவ்வளவு நேரம் காது கொடுத்த உங்களுக்கு நன்றி.

மணி ஆறாகிறது. முதல் வகுப்பு. முன்பெஞ்சில் இடம் பிடிக்க வேண்டும், நான் வருகிறேன். வணக்கம்.