வாய் டாக்டருக்கு நாம் செய்தது

மேடையில் அமர்ந்திருக்கும் மருத்துவமனைத் தலைவர் அவர்களே, தலைமைச் செவிலியர் அவர்களே, சக மருத்துவர்களே, வார்டிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்திருக்கும் செவிலியர் சகோதரிகளே, முன்வரிசையில் கண்ணைத் துடைக்காமல் உட்கார்ந்திருக்கும் அவர் மனைவி, நம் அண்ணி அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எனக்கு முன்னால் பேசியவர்கள், நம் தீவிர சிகிச்சைப் பிரிவை ஆண்ட அந்த மருத்துவர் பூப்போன்றவர் என்றார்கள். யாரைச் சொல்கிறார்கள் என்று திரும்பிப் படத்தைப் பார்த்துக்கொண்டேன். பூவா அவர்! மூக்குக்கு மேல் கோபம் வைத்திருந்த மனிதர். நான் அறுவை சிகிச்சைக்காரன். அவரோடு காலமெல்லாம் மல்லுக்கு நின்றவன். என் நோயாளியை அவரிடம் ஒப்படைக்கும்போதெல்லாம், "வெட்டித் தச்சாச்சா? சரி, இனிமேதான் வைத்தியம், கிளம்புங்க" என்பார். அவரைப் புகழத்தான் வந்திருக்கிறேன். ஆனால் பொய் சொல்லிப் புகழ மாட்டேன்.

அவருக்கு 'வாய் டாக்டர்' என்று பெயர் வைத்தவர்கள் நீங்கள்தான், சகோதரிகளே. வார்டுக்குள் நுழைந்தால் நாமெல்லாம் மானிட்டரைப் பார்ப்போம். அவர் நோயாளியின் வாயைத் திறந்து முகர்ந்து பார்ப்பார்! தொண்டையில் குழாயோடு வென்டிலேட்டரில் கிடப்பவரால் துப்ப முடியாது, விழுங்க முடியாது. பல்லில் படிந்த அழுக்கு எச்சிலோடு சேர்ந்து, குழாயின் ஓரமாக நுரையீரலுக்குள் இறங்கும். பிறகென்ன, நிமோனியா! லாரியில் அடிபட்டுத் தப்பியவன் தன் எச்சிலால் சாவதா? அவரால் அதைப் பொறுக்க முடியவில்லை. எல்லோருக்கும் கட்டிலின் தலைமாட்டை உயர்த்தி, பிரஷ்ஷால் பல் தேய்க்க வைத்தார். அதற்கு மேல் கிருமிநாசினித் திரவத்தால் வாயைத் துடைக்கவும் வைத்தார். ஒரு முறை தவறவிட்ட சகோதரியை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "நாலு நாள் வாய் கழுவாம வந்து என்கிட்ட பேசும்மா, அப்ப தெரியும்" என்றார். அந்தப் பெண் அழுதுகொண்டே போனார். குரூரம்தான். மறுநாளிலிருந்து அந்த வார்டில் ஒரு வாயும் நாறவில்லை.

நிமோனியா குறைந்தது. பாராட்டு விழா எடுத்தோம். அந்தத் திரவத்துக்குக் கோயில் கட்டாத குறை! மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, அவர் மட்டும் மறுபடி முதலிலிருந்து ஆராயத் தொடங்கினார். வெளியிலும் அந்த மருந்தைப் பற்றிச் சந்தேகங்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. ஒருநாள் நம் மாதக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"நான் சொன்னது தப்பு. பிரஷ்ஷும், தலைமாட்டை உயர்த்தி வச்சதும்தான் காப்பாத்தியிருக்கு. அந்த மருந்தால பெரிசா ஒண்ணும் நடக்கல. உள்ள இறங்கினா கெடுதலாக்கூட இருக்கலாம். மருந்தை நிறுத்துங்க. பிரஷ்ஷை விட்டுடாதீங்க."

அரங்கமே சிரித்தது. தலைவர் அவர்களே, நீங்களும் சிரித்தீர்கள். "அப்ப இத்தனை வருஷம் எங்களைத் திட்டினதுக்கு யாரு சார் மன்னிப்பு கேக்கறது?" என்றீர்கள்.

"நான்தான் கேக்கணும். கேட்டாச்சு. வேலையைப் பாருங்க" என்று உட்கார்ந்துவிட்டார்.

தன் புகழைத் தன் கையாலேயே உடைத்துப் போட்ட மருத்துவரை வேறு எங்காவது பார்த்திருக்கிறீர்களா? நாம் அவருக்கு என்ன மரியாதை செய்தோம்? பொறுப்பைப் பிடுங்கி, வெளிநோயாளிகள் அறைக்கு அனுப்பினோம். அவர் சொன்னதில் 'நிறுத்துங்க' என்ற ஒற்றைச் சொல்தான் இந்த மருத்துவமனையின் காதில் விழுந்தது. பாட்டில் போனது, கூடவே பிரஷ்ஷும் போனது. கேட்க ஆள் இல்லை.

அப்புறம்தான் அவர் கால் மரத்தது. நரம்பு நோய் பாதத்தில் தொடங்கி மூச்சு வரைக்கும் ஏறியது. அவர் ஆண்ட அதே வார்டில், அதே கட்டிலில், அவர் தொண்டைக்குள்ளும் குழாய் போனது. அசைந்தது இமை மட்டும். ஒரு முறை மூடினால் ஆம், இரண்டு முறை மூடினால் இல்லை. நினைவோ துல்லியமாக இருந்தது. அதுதான் கொடுமை!

சில நாள் கழித்து, உதட்டைத் துடைக்கப் போன அண்ணி அவர் வாய்க்குள் பார்த்தார். நாக்கில் மஞ்சளாக ஏடு கட்டியிருந்தது.

"சிஸ்டர், இவருக்குப் பல்லு தேய்க்கறதே இல்லையா?"

"அதையெல்லாம் சாரேதான் நிறுத்தச் சொல்லிட்டாரும்மா."

சபையோரே, அவர் காது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது! ஒரு சொல்லுக்கு ஊரையே கூட்டுகிற மனிதர், அதைக் கேட்டுக்கொண்டு கட்டை மாதிரி கிடந்தார். கண்ணோரம் நீர் வழிந்தது என்று அண்ணி சொன்னார்.

அண்ணி கூப்பிட்டு நான் போனபோது காய்ச்சல் தொடங்கியிருந்தது. பதற்றத்தில் யாரோ அந்தப் பழைய பாட்டிலைத் தேடி எடுத்து வந்து, "உங்க மருந்துதான் சார், போடட்டுமா?" என்று கேட்டார்கள். இமை இரண்டு முறை மூடியது. அண்ணி பிரஷ்ஷைக் காட்டினார். ஒரு முறை மூடியது. உயிர்ப்பயத்தில் எதையும் ஊற்றிக்கொள்ளச் சம்மதிக்கிற நேரம் அது. அப்போதும் தன் பழைய பெருமைக்கு ஆம் சொல்லாத மனிதர் அவர்!

அண்ணியே தேய்த்துவிட்டார். நிமோனியா முந்திக்கொண்டது.

தேய்க்காத பல்தான் அவரைக் கொன்றது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். செய்தால், "ஒரே ஒரு ஆளை வச்சு முடிவு பண்றியே, நீயெல்லாம் டாக்டரா?" என்று அந்தப் படத்திலிருந்தே எரிந்து விழுவார். ஆனால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியதை நாம் கொடுக்கவில்லை. அது நிச்சயம்.

அவர் பணியைத் தொடர்வோம் என்று இங்கே எல்லோரும் வாய் கிழியச் சபதம் செய்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் அண்ணி என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "அவரைப் பத்தி எதுவும் பேச வேணாம் தம்பி. மாடியில மெஷின்ல இருக்கறவங்களுக்கு இன்னிக்குப் பல்லு தேய்ச்சாங்களான்னு மட்டும் கேளுங்க."

கேட்கிறேன். தலைவர் அவர்களே, தேய்த்தார்களா? தலைமைச் செவிலியர் அவர்களே? சகோதரிகளே?

இந்த மௌனத்தை அவருக்குச் செலுத்தும் அஞ்சலியாக நான் ஏற்க மாட்டேன். உரையை இத்தோடு முடித்துக்கொள்கிறேன். நான் மாடிக்குப் போகிறேன். சபதம் செய்தவர்கள் கையைக் கழுவிக்கொண்டு என் பின்னால் வாருங்கள்.