பத்தரை கழியட்டும்

உடப்பு மீனவக் கிராமத்தில் சனிக்கிழமை காலை மண்ணெண்ணெய் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரின் கேன் நிறைந்துவிட்டது. ஆனாலும் அவர் நகரவில்லை. ஒரு பெண் ஓடிவந்தார்.

"எண்ணெய் கிடைச்சிட்டுத்தானே தம்பி? உங்கட போட்டை எடுங்க. ஏழு மணிக்கு வாற மனுசன், ஒன்பதரையாகியும் கரைக்கு வரல்ல. போனும் வேலை செய்யுதில்ல."

"போறன் அண்ணி. பத்தரை வரைக்கும் ராகு காலம். அண்ணனைத் தேடிப் போற பயணம், அது கழியட்டும்."

"காத்து கூடிக்கொண்டு வருது தம்பி!"

"ஒரு மணித்தியாலம்தானே அண்ணி."



"புது எஞ்சினை முதல்ல ஓட்டச் சனிக்கிழமை வேணாம் எண்டுதான் அவர் சொன்னவர். பொழுது கிளம்புற வரைக்கும் வெள்ளிக்கிழமைக் கணக்குத்தான், நாலு மணிக்கே போங்க எண்டு பஞ்சாங்கத்தை விரிச்சது ஆரு?"

முன்னால் நின்றவர் குனிந்து கேனின் மூடியை எடுத்தார்.

"நீங்க பார்த்துக் குடுத்த நல்ல நேரத்திலதான் தம்பி, அவர் போனவர்."

அந்த மனிதர் கேனைத் தூக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் ஓடினார். மூடியைக்கூடப் பூட்டவில்லை. வழி நெடுக எண்ணெய் சிந்திக்கொண்டே போனது.