அப்பாவுக்கு ஒரு கடல் படம்

— இது இல்லப்பா. நான் கேட்டது சின்ன திருகு.

— ரெண்டும் திருகுதானே பாப்பா. முப்பத்தோரு வருஷமா பஸ்ஸுல நான் பாத்த நட்டெல்லாம் உள்ளங்கை அளவு. இது என்ன, எறும்புக்குப் போட்ட தோடு மாதிரி!

— சரி, டப்பாவ இப்படித் தள்ளுங்க. நானே எடுத்துக்கறேன்.

— நான் பாட்டுக்கு ரேடியோ கேட்டுட்டுக் கெடந்தேன். இழுத்துட்டு வந்து உக்கார வச்சுட்ட. நாளைக்குப் பத்து மணிக்கு என்கொயரிய வச்சுக்கிட்டு, இன்னைக்கு யாராவது கம்ப்யூட்டர் மாட்டுவாங்களா?

— கைக்கு ஏதாவது வேலை வேணும்ப்பா. கடையில உக்காந்தாலும் அதே நெனப்புதான். வர்றவங்க எல்லாம் லேப்டாப்ப நீட்டிட்டு, உங்க வீட்டுக்காரருக்கு என்னாச்சுன்னு கேக்கறாங்க.

— நீ என்ன சொல்ற?

— சஸ்பென்ஷன்ல இருக்காருன்னு சொல்றேன். டெப்போ மெக்கானிக், சொந்த மாமனார் ஓட்டற பஸ்ஸுக்கே பிரேக் சரியாப் பாக்கலன்னு...

— அத விடு.

— விட்டாச்சு. இந்தாங்க, இந்தப் பாக்கெட்ட மடியில வச்சுக்கோங்க. கடைசியில கேப்பேன்.

— என்னது?

— ஒயரு. கம்ப்யூட்டர்லேர்ந்து டிவிக்குப் போறது. நேத்து பழைய ஒயர்ல லேப்டாப்ப மாட்டிப் பாத்தேன், டிவி வெறும் நீலத்தக் காட்டிட்டு நிக்குது. 4K படம்னா சாதாப் படத்த விட நாலு மடங்கு புள்ளிப்பா. அவ்வளவும் அதுல போகாது.

— நாலு மடங்கு எதுக்கு? ஒரு மடங்கு தெரிஞ்சாப் போதாதா மனுஷனுக்கு?

— மீனோட செதில எண்ணலாமாம். உங்க ரிட்டையர்மெண்டுக்குன்னு அவரு மாசம் ஒரு சாமானா வாங்கிச் சேத்தாரு. மொதல்ல கேபினட், அப்புறம் போர்டு, போன மாசம்தான் டிவி. மாமா காலம் பூரா ரோட்டையே பாத்துட்டாரு, இனிமே கடலுக்கு அடியில என்ன இருக்குன்னு பாக்கட்டும்னாரு.

— மாப்பிள்ளை தங்கம். நான் இல்லன்னு சொன்னேனா?

— சொல்லல.

— தங்கமான மனுஷனுக்கும் ஒரு நாள் கை தவறும். வேணும்னு பண்ணினாருன்னா எழுதிக் குடுத்தேன்? பிரேக்க மிதிச்சேன், பெடல் பலகை வரைக்கும் போயிடுச்சு, வண்டி நிக்கல. அவ்வளவுதான் எழுதினேன்.

— ஒரு நிமிஷம். பிராசஸர வைக்கறேன், இப்பப் பேசாதீங்க... ம். உக்காந்துடுச்சு.

— இந்த வில்லைதான் எல்லாமா?

— இதுதான் மூளை. மூலையில சின்னதா ஒரு முக்கோணம் போட்டிருக்கும். போர்டுலயும் ஒண்ணு இருக்கும். ரெண்டும் ஒரே பக்கம் வரணும், இல்லன்னா எல்லாம் பாழ். தெரியுதா முக்கோணம்?

— தெரியுது, தெரியுது.

— எந்த மூலையில?

— அட, என்ன பரிச்சையா வைக்கற? கண்ணாடிய உள்ள வச்சுட்டு வந்துட்டேன்.

— எடுத்துட்டு வரட்டா?

— வேணாம். கிட்டப் பாக்கறதுதான் கொஞ்சம் தகராறு. தூரத்துல கழுகு நானு. டெப்போவுல கண் டெஸ்ட் வச்சாங்களே, கடைசி வரி வரைக்கும் மடமடன்னு சொன்னேன். டாக்டரு அசந்துட்டாரு.

— எத்தனாவது ஆளாப் போனீங்க?

— கடைசி ஆளு. நமக்கு என்ன அவசரம்?

— உள்ள படிக்கறது வெளிய கேக்குமா?

— கதவே இல்லாத ரூமு, கேக்காம? ஒருத்தன் கத்திக் கத்திப் படிக்கறான், ஸ்கூல் பையனாட்டம். ஏன் கேக்கற?

— சும்மாதான். இந்த மெமரிய நீங்க மாட்டுங்க. கைய நீட்டுங்க. இங்க, இந்தப் பள்ளம். அமுக்குங்க. பயப்படாதீங்க, நல்லா.

— டக்குனுச்சு.

— அதான். இன்னொரு பக்கம்.

— இந்தா, இதுவும் டக்கு. மூணாவது கியர் விழற மாதிரியே இருக்குடி! இத எவ்வளவு வேணா மாட்டித் தர்றேன்.

— உங்களுக்குக் காதும் கையும் எப்பவும் கரெக்ட்டுப்பா.

— பின்ன? எஞ்சின் சத்தத்த வச்சே எந்த பஸ்ஸுன்னு சொல்லுவேன். ஆமா, அம்மா இன்னும் வரலயே?

— அன்னைக்குச் செத்துப்போன டெப்போ காவலாளி வீட்டுக்குப் போயிருக்காங்க. பிள்ளைங்களுக்குச் சாப்பாடு எடுத்துட்டு.

— இன்னைக்குமா?

— தெனமும்தான். உங்ககிட்ட சொல்றதில்ல. பெரியவ ஏழாவது படிக்கறாளாம். அப்பாவோட டிபன் பாக்ஸ டெப்போ இன்னும் திருப்பித் தரலன்னு அம்மாகிட்ட கேட்டுக்கிட்டே இருக்காளாம்.

— போதும்.

— அவ கேட்டதச் சொன்னேன்.

— போதும்னேன்ல! அந்த ஆள எனக்குப் பதிமூணு வருஷமாத் தெரியும். நான் உள்ள வர்றப்பல்லாம் ஒரு சலாம் போடுவான். நான் வேணும்னேவா ஏத்தினேன்?

— யாரும் அப்படிச் சொல்லலப்பா. ஃபேன மாட்டறேன், கொஞ்சம் இத நேராப் புடிங்க... இந்த ஃபேன் சுத்தறதே கேக்காது. படம் பாக்கறப்ப சத்தம் வரக்கூடாதுன்னு அவரு தேடித் தேடி வாங்கினாரு.

— அவரு எப்பவும் அப்படித்தான்.

— ஆமா. கேஸ் சிலிண்டர மூடிட்டேன்னு நான் சொன்னாலும், எந்திரிச்சுப் போய் ஒரு தடவ தொட்டுப் பாத்துட்டுத்தான் படுப்பாரு. அப்படிப்பட்டவரு பிரேக்க அரைகுறையாப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பாரா?

— அதத்தான் நானும் யோசிக்கறேன். ஆனா பிரேக் பைப்பு அறுந்திருந்துச்சே.

— வண்டி கேட்டுத் தூண்ல மோதினதுல அறுந்திருக்கலாம். மோதறதுக்கு முன்னாடியே அறுந்துச்சான்னு எந்த எஞ்சினியராலயும் சொல்ல முடியலயாம். அதனாலதான் நாளைக்கு உங்க பேச்சுக்கு இவ்வளவு மதிப்பு. நீங்க எழுதிக் குடுத்தத நேர்லயும் அப்படியே சொன்னா, கேஸு அவரு மேல திரும்பும். ஜெயிலுன்னு வக்கீல் சொல்றாரு.

— வக்கீலுங்க அப்படித்தான் பயமுறுத்துவானுங்க.

— அவரு நேத்தே ஒரு பையில நாலு சட்டைய மடிச்சு வச்சுட்டாருப்பா. எங்க போறீங்கன்னு கேட்டா, இருக்கட்டும்னு சிரிக்கறாரு.

— இந்தத் திருகு டப்பாவ மூடிடட்டா?

— அப்பா.

— ம்.

— எங்கிட்ட எதாவது சொல்லணுமா? இப்ப வீட்டுல நாம ரெண்டு பேருதான் இருக்கோம்.

— என்னத்தச் சொல்ல? நாலு மாசம் பாப்பா. இன்னும் நாலே மாசம். முப்பத்தோரு வருஷத்துல ஒரு நாயக் கூட அடிச்சதில்ல. மாலையப் போட்டு, போட்டோ எடுத்து அனுப்பி வைப்பாங்கன்னு இருந்தேன்.

— தெரியும்.

— ஸ்டியரிங்க விட்டா எனக்கு என்ன தெரியும்? இந்த வீட்டுல எந்த மூலையில உக்காருவேன் நான்?

— இந்த மூலையிலதான். அதுக்குத்தான இதெல்லாம்... முடிஞ்சுடுச்சு. மூடிய மாட்டிட்டேன். ஸ்பீக்கரயும் சொருகிட்டேன். சிஸ்டத்தக் கடையிலயே ஏத்தி வச்சுட்டேன், ஆன் பண்ணினா தானாப் படம் ஓடும். சாஞ்சு உக்காருங்க. ஜன்னல சாத்திடறேன்.

— என்ன படம்?

— கடலுக்கு அடியில எடுத்தது. அவரு உங்களுக்குன்னு எடுத்து வச்சது. ஒரு நிமிஷம்... டிவியையும் போட்டுட்டேன்.

— ஆங், வருது வருது. தண்ணிச் சத்தம். குமிழி விடற சத்தம் கூட கேக்குதே!

— தெரியுதாப்பா?

— அம்மாடி! என்ன நீலம்! இப்படி ஒரு நீலத்த நான் பாத்ததே இல்ல பாப்பா. உள்ள எறங்கிடலாம் போல இருக்கு.

— அந்த மீன் கூட்டத்தப் பாத்தீங்களா? இடது பக்கம், செவப்பா.

— பாத்தேனே! எத்தன! செதில் செதிலா மின்னுது. நீ சொன்ன மாதிரியே எண்ணலாம்.

— இப்ப ஒரு ஆமை வருது.

— ஆமா, ஆமை. என்ன நிதானமா நீந்துது பாரு, நம்ம பழைய டெப்போ மேனேஜரு மாதிரி. ஹா! மாப்பிள்ளைக்கு ஒரு போனப் போடு. மாமாவுக்கு ரொம்பப் புடிச்சிருக்குன்னு சொல்லு. பாவம், மனசு குளிரட்டும்.

— போடறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கவா?

— கேளு.

— அன்னைக்குக் காலையில அந்தக் காவலாளி டெப்போ கேட்டு முன்னாடி நின்னு செவப்புக் கொடி காட்டினதா டீக்கடைக்காரர் சொல்லியிருக்காரு. ரொம்ப நேரம் ஆட்டினாராம். பஸ்ஸு வேகத்தக் கொறைக்கவே இல்லயாம்.

— கொடியா? கொடியெல்லாம் ஒண்ணும் காட்டல.

— பட்டப்பகல் வெளிச்சம். முப்பது அடி தூரம்.

— காட்டியிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதா? நாளைக்கும் இதத்தான் சொல்லுவேன், எத்தன பேரு கேட்டாலும். நீயே பாத்துட்டுத்தான இருக்க? இங்கேர்ந்து இந்த மீனோட செதில் தெரியுது எனக்கு. ஒரு முழு ஆளு தெரியாம போவானா?

— அப்பா.

— என்ன?

— மடியில இருக்கற பாக்கெட்டக் குடுங்க. அந்த ஒயர மாட்டினாத்தான் டிவியில படமே வரும்.