கஜந்தினியின்ர பழைய ஸ்கேட்ஸ்

இல்லைத் தம்பி, அந்த விலைக்குத் தரேலாது. மவுண்ட் ஆல்பர்ட்டில இருந்து நியூ லின்னுக்கு வந்த பெற்றோல் காசையும் என்ர தலையில கட்டப் பாக்கிறியள். ஈஸ்ட் டாமாக்கி ஸ்டோரில பத்து வருஷம் பெட்டி அடுக்கி, பிறகு சொந்தமா ரோல்ஸ் கடை போட்டவள் நான். என்னட்டைப் பேரம் பேசி ஆரும் வெண்டதில்லை. முதல்ல இந்த ஸ்கேட்ஸைக் கையில எடுத்துப் பாருங்கோ. சப்பாத்தின்ர தோலைப் பாருங்கோ. என்ர மகள் ரெண்டு சீசன் போட்டது. அளவு உங்கட மகள் மஹதிக்குச் சரிதானே? பிறகென்ன.

ஓம், பேப்பரில படம் வந்தவள் இவள்தான், கஜந்தினி. கனடாவில சம்பளம் குடுத்து ஐஸ் ஹொக்கி விளையாட வைக்கிற பொம்பிளையள் லீக் இருக்கெல்லோ, அதில ஒரு டீம் வந்து விளையாடிக் காட்டச் சொல்லிக் கூப்பிட்டிருக்கு. எடுபட்டா முதல் தமிழ்ப் பெட்டையாம். ஞாயிற்றுக்கிழமை பிளேன்.

இருங்கோ, ஏன் நிக்கிறியள். நான் நிண்டா உங்களுக்கென்ன. எனக்கு இருக்கேலாமல் கிடக்கு.

முந்தி நானும் இது வெள்ளையளின்ர விளையாட்டு எண்டுதான் நினைச்சனான். இவள் ஃபோனில காட்டுவாள், கறுப்புப் பிள்ளையள், சீனப் பிள்ளையள், பஞ்சாபிப் பெடியன் ஒருத்தன். இப்ப எல்லாரையும் எடுக்கினம் அம்மா எண்டுவாள். சும்மா எடுத்தவையோ? இஞ்ச ஒக்லண்ட் கிளப்பில ஃபீஸைக் கேட்டு எனக்குத் தலை சுத்தினது. அரைவாசி காசு, மிச்சத்துக்கு மேச்சுக்கு மேச் மட்டன் ரோல்ஸ் எண்டன். மனேச்சர் சிரிச்சார். ஒண்டைக் கடிச்சார். கதை முடிஞ்சுது.

பிறகு ஜேர்சி. முதுகில சோதிலிங்கம் எண்டு முழுசா அடிக்கேலாதாம், நீளமாம். போலந்துப் பெட்டையின்ர பேர் பன்ரெண்டு எழுத்து, அதை அடிச்சனியள்தானே, என்ர மனுசன்ர பேருக்கு மட்டும் ஏன் கத்தரிக்கோல் எண்டு மேசையில குத்தினன். அந்தாள் செத்து ஆறு வருஷம், பிள்ளைக்கு விட்டிட்டுப் போனது அந்தப் பேர் ஒண்டுதான். இவள் வெக்கத்தில காருக்குள்ள போய் ஒளிச்சிட்டாள். இப்ப பாருங்கோ, ஒரு தோளில தொடங்கி மற்றத் தோளிலதான் முடியுது.

இன்னொருத்தி, மற்ற டீம் பிள்ளையின்ர தாய், உங்கட ஆக்களுக்குக் குளிர் ஒத்துவராதே எண்டு கேட்டாள். ஓம், அதுதான் உன்ர மகளைவிடக் கெதியா ஓடுறாள் எண்டன்.

பொறுங்கோ, கேற் சத்தமோ? இல்லை, பக்கத்து வீடு. அவள் அஞ்சரை ரெயினிலதான் வருவாள்.

ஹெல்மெட்டோ? அதை வையுங்கோ. அது விலைக்கில்லை, உள்ளுக்கு வெடிச்சுப்போச்சு. பிள்ளைக்குப் புதுசு வாங்குங்கோ, அதில மட்டும் பேரம் பேசாதேங்கோ.

இவள் விழுந்ததுதான். தலையில அடிபட்டது இது மூண்டாம் தரம். போன மாசம் மற்ற டீம் பெட்டையள் சுவரோட கொண்டுபோய் அடிச்சுப் போட்டாளவை. எழும்பிக் கோலும் போட்டவள், சனம் கை தட்டினது. வீட்டை வந்து விடாமல் சத்தி எடுத்தவள். லைட்டைப் போடாதேங்கோ அம்மா எண்டு ரெண்டு நாள் இருட்டுக்குள்ள கிடந்தாள். நேற்றுத் தேத்தண்ணிக் கோப்பையைப் பிடிக்கேக்க கை நடுங்கினது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிண்டவள், ஆனா நான் கண்டிட்டன்.

டொக்டரோ? போகமாட்டாள். தலையில அடி எண்டு எழுத்தில வந்திட்டா கனடா இல்லையெல்லோ. கோச்சுக்குச் சொல்லுவன் எண்டன். உடன என்ர கையை இழுத்துத் தன்ர தலையில வைச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டாள். அந்தத் தலையிலதான் தம்பி. வேற எதில எண்டாலும் நான் மீறியிருப்பன். இதை மீறினா எங்க போய் விடியும் எண்டு நினைக்கவே பயமாக் கிடக்கு. உங்களுக்குச் சிரிப்பா இருக்கும். சிரியுங்கோ.

விலையை விடுங்கோ. நீங்கள் சொன்னதே காணும். இல்லை, அதுவும் வேண்டாம், கொண்டு போங்கோ. இதுக்கு அஞ்சு பேர் கேட்டவை. உங்கட மஹதி எங்கட கோச்சிட்டைத்தான் பழகிறாள் எண்டபடியாத்தான் உங்களைக் கூப்பிட்டனான். இண்டைக்கு ஆறு மணிக்குப் பயிற்சியெல்லோ, அவர் வாசலிலதான் நிப்பார்.

நான் வாய் திறக்கமாட்டன் எண்டுதான் சத்தியம். நீங்கள் ஒண்டும் சத்தியம் பண்ணேல்லைத்தானே தம்பி.